கையால் அடிக்காதவர்

அவர் யார் மேலும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தேன், ஒரு தடவைகூட இல்லை. அடிப்பதென்றால் அவருக்குக் கால்தான். அதிலும் வலது கால்.

"கையால சோறு திங்கிறோம். கையாலதான் சிலுவ போடுறோம். அதால ஒருத்தன அடிச்சா பாவம் இல்லையா தங்கச்சி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொள்வார். நீள நீளமான விரல்கள். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மெஷினுக்கு டை அச்சு மாட்டுகிற மனுஷனின் கை மாதிரியே இருக்காது. நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் நின்று எலுமிச்சைத் தோலும் சோப்புத் தூளும் போட்டு அரைமணி நேரம் தேய்ப்பார். காலுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நாங்கள் இருந்தது ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால். ஒரே வரிசையாக ஆறு வீடு கட்டி மேலே சிமெண்ட் ஷீட் போட்ட இடம். வீட்டுக்காரம்மா தெலுங்கு, முதல் வீட்டில் கன்னடம், அவரும் அவர் மனைவியும் திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், நான் மத்தூர்க்காரி. அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒரே கம்பெனி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு அங்குலச் சுவர்.

நான் பயந்த பிறவி. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள். கணக்கு டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்று பயந்தே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்படிப்பட்டவளுக்கு அந்தச் சுவர் வாய்த்தது.

குடிவந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர்கள் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்திருந்தார்கள், வாசனை இங்கே வரைக்கும் வந்தது. நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் 'தொம்' என்று ஒரு சத்தம். எங்கள் சுவர் அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர் நாலும் விழுந்து நொறுங்கின. பின்னாலேயே இன்னொரு 'தொம்'. அதற்கு அடுத்து வந்த சத்தம் சுவரில் விழுந்தது இல்லை. காற்றுப் பிடித்த டியூபை மிதித்தால் 'புஸ்' என்று வருமே, அந்த மாதிரி. ஒரு பொம்பளையின் நெஞ்சிலிருந்து மூச்சு மொத்தமும் வெளியே போகிற சத்தம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கத்தல் இல்லை, வசவு இல்லை. கோபம் வந்தால் அவர் பேசமாட்டார்.

கருவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூச்சை மேலோடு மேலாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, சோற்றில் பிசைந்து உருட்டி அவள் வாயருகே கொண்டு போனார்.

"ஆ காட்டு. முள்ளு இல்ல, நல்லாப் பாத்துட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்த சோற்றை அவர் சுண்டுவிரலால் துடைத்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கருவேப்பிலையா? அடுப்பு மேடைல இருக்கு, எடுத்துக்கம்மா" என்றார். முகத்தில் அவ்வளவு சாந்தம்.

மறுநாள் நான் அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர், "புருசன் பொண்டாட்டி விசயம். நீ பாட்டுக்குப் போயி நின்னுட்டு இருக்காத. ஷிஃப்டுல அவரு வெச்சதுதான் சட்டம்" என்றார்.

கம்பெனியிலும் அவர் இப்படித்தான். ஓசூர் வருவதற்கு முன்னால் பர்கூர் பக்கம் கல்குவாரியில் இருந்தாராம். வெட்டிய கல்லைக் காலால் உந்தி உருட்டிப் பழகிய கால் என்று பெருமையாகச் சொல்வார். கெண்டைக்கால் உரல் மாதிரி இருக்கும். ஒரு தடவை பிரஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்த ஆளின் ஸ்டூலை ஒரு உதை விட்டார். அந்த ஆள் மல்லாந்து விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டபோது இவர் அழுதாராம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி எடுத்துப் போய்த் தன் கையால் ஸ்பூனில் ஊட்டினார். அந்த ஆளே புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, "அண்ணன் மாதிரி வராது" என்று சொல்லித் திரிந்தான். நாற்பது வயசில் அவன் குனிந்து குனிந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குழாயடியில் ஒரு செவலை நாய் சுற்றும். பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மோந்து பார்த்துவிட்டது. ஒரே உதை. சாக்கடைச் சுவரில் அடித்து விழுந்தது, தாடை தனியாகத் தொங்கியது. மூன்று நாள் அதை மடியில் வைத்து, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டார். செத்ததும் அவரே குழி தோண்டினார். மண் தள்ளும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய வியாழக்கிழமை அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, கோவிலில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து சாமியார் கால் கழுவிவிடுவார். ஒரு வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருத்தர். "வா புள்ள, பாக்கலாம்" என்று அக்கா என்னையும் கூட்டிப் போனாள். எனக்கு அவர்கள் முறை எதுவும் தெரியாது, கடைசி பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை நீட்டினார். சாமியார் முட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒத்தி, குனிந்து அந்தப் பாதத்தில் முத்தம் கொடுத்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

"வெவரம் தெரிஞ்சா சாமியாரு வாயக் கொப்புளிச்சிருப்பாரு" என்றாள் என் காதுக்குள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது, ஏதோ கடைக்குப் போகிற பேச்சு மாதிரி சொன்னாள்: "இந்தக் காலுக்கு ஒண்ணக் குடுத்திருக்கேன் புள்ள. அஞ்சு மாசம். வவுத்துல பட்டுருச்சு. அன்னிக்கும் அவருதான் மடில படுக்க வெச்சு ஊட்டிவிட்டாரு. அதுக்கப்புறம் தங்கல."

இதெல்லாம் தெரிந்தும் அவரை முழுசாக வெறுக்க என்னால் முடியாமல் போனது. என் மகளுக்கு இரண்டு வயசில் காய்ச்சல் கண்டு ஒரு மத்தியானம் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு வில் மாதிரி வளைந்து, வாயில் நுரை. நான் கத்தினேனே தவிரக் கை கால் ஓடவில்லை. அவர்தான் ஓடி வந்தார். குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து, நுரையை விரலால் வழித்துவிட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அந்த நீள விரலால் அவள் நெஞ்சைத் தடவியபடியே இருந்தார். "தாமதமா வந்திருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அவர் கையில் என் பிள்ளை கிடந்ததை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றும். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை சுவரில் 'தொம்' கேட்டது.

முட்டி போனது இப்படி. அவருடைய பைக் பழசு, செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கரில்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஐந்தாறு தடவை உதைத்தார், வண்டி இருமிவிட்டு நின்றது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்துபோனது. உடம்பு மொத்தத்தையும் தூக்கி, அக்காவுக்குக் கொடுக்கிற உதையை வண்டிக்குக் கொடுத்தார். கிக்கர் ரிட்டர்ன் அடித்தது. கரும்பை முட்டியில் வைத்து முறிக்கிற சத்தம். வண்டியும் அவருமாகச் சாய்ந்தார்கள். அவர் வாழ்க்கையில் அவரைத் திருப்பி உதைத்தது அந்த வண்டி ஒன்றுதான்.

அக்கா டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றிருந்தாள். டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். முதலில் போய் வண்டியின் பெட்ரோல் குழாயை மூடினாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

முட்டியைத் திறந்து பிளேட் வைத்துத் தைத்தார்கள். அப்போது நான் ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு சர்ஜிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாக்கர், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, அப்புறம் காலுக்கு மாட்டுகிற ஸ்டாக்கிங். அளவெடுக்கிறதில் எனக்குக் கடையில் நல்ல பேர். பயந்தவள் எதையும் இரண்டு தடவை அளப்பாள், அதுதான் ரகசியம்.

முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் படுத்தே கிடப்பார்கள். காலில் ரத்தம் தேங்கிக் கட்டி தட்டும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் நின்ற நிலையில் போய்விடுவான். அதற்காகத்தான் அந்த இறுக்கமான உறை. கணுக்காலில் அதிகம் பிடித்து மேலே போகப் போகத் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். அளவு தப்பினால் எல்லாம் தலைகீழ். எழுந்து காலைத் தொங்கப் போட்டுவிட்டால் காலில் வீக்கம் ஏறிவிடும். அதனால் விடிந்ததும், கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். வீட்டுக்கே போய் அளந்து கொடுப்பது எங்கள் கடைப் பழக்கம்.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலை டேப்போடு போனேன். கட்டிலில் படுத்திருந்தார். ஒன்பது வருஷமாக அதிகமும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்த காலை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். தையல் போட்டு, மருந்து பூசி, மஞ்சளாக வீங்கிக் கிடந்தது. கணுக்காலில் என் கை படாமல் நுனிவிரலால் டேப்பைச் சுற்றினேன்.

"என்னா தங்கச்சி, பாம்ப புடிக்கற மாதிரி புடிக்கற? கடிக்காது."

"இல்லண்ணா, தையலு..."

"தையலு மேல கெடக்கு. நீ கீழதான அளக்கற?" என்று சிரித்தார்.

கெண்டைக்கால் நாற்பத்தொன்று சென்டிமீட்டர். இரண்டாம் தடவையும் நாற்பத்தொன்று. லார்ஜ். தொடையும் லார்ஜ்தான். எழுதிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பயம் வந்தால் நான் அதிகம் பேசுவேன். "சுருக்கம் இருக்கக் கூடாதுக்கா. முக்கியமா மேல்பட்டைய மடிச்சு விட்டுடாதீங்க. கீழ எறங்குதுன்னு சில பேரு சுருட்டி விடுவாங்க. கயிறு போட்டுக் கட்டின மாதிரி ஆயிடும். ரத்தம் நின்னுடும். கட்டி தட்டிச்சுன்னா அவ்ளோதான்."

அக்கா கவனமாகக் கேட்டாள். "எவ்ளோ நேரம் சுருட்டி இருந்தா?" என்றாள்.

"அதெல்லாம் சொல்ல முடியாதுக்கா. ஆளப் பொறுத்தது."

அவர் அதற்குள் கண்ணை மூடியிருந்தார். மாத்திரை அப்படி.

பதினோரு மணிக்கு அக்கா கடைக்கு வந்தாள். கூட்டம் இல்லை. கன்னடக்காரப் பெரியவர் ஒருத்தர் மட்டும் வாக்கரைப் பிடித்து இரண்டடி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளை எடுத்துப் பரப்பினேன். முட்டி வரைக்கும் வருவது, தொடை வரைக்கும் வருவது, விரல் மூடியது, விரல் திறந்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, சேலைக் கடையில் கரையை இழுத்துப் பார்க்கிற மாதிரி இழுத்துப் பார்த்தாள்.

"எது நல்லா இறுக்கும்?"

"இறுக்கறது முக்கியம் இல்லக்கா, அளவுதான் முக்கியம். தொட வரைக்கும் வர்றது, லார்ஜ். வெரலு தொறந்தது எடுத்துக்கோங்க. கலரு மாறுதான்னு பாத்துக்கலாம்."

"ஸ்மாலு குடு."

"ஸ்மாலு உங்களுக்குத்தான் ஆவும். அண்ணனுக்கு நாப்பத்தொண்ணுக்கா."

"தெரியும்."

"ரத்தம் ஓடாதுக்கா."

"காலைல சொன்னியே. கேட்டுட்டுதான நின்னேன்."

நான் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாக்கரிலேயே கவனமாக இருந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீ சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க. உனக்கு டம்ளர்தான் ஒடைஞ்சுது. நான் இந்தப் பக்கம் இருக்கேன் புள்ள. எழுந்து நடந்தாருன்னா மொத உதை எனக்குத்தான். ஸ்மாலு குடு."

என் மண்டைக்குள் எல்லாப் பயமும் ஒரே நேரத்தில் வந்தது. அவர் செத்துப்போவார், போலீஸ் கடைக்கு வரும். அவர் பிழைத்துக்கொள்வார், அக்கா செத்துப்போவாள். அவர் கையில் என் மகள் கிடந்தது. நாய்க்குத் தாடை தொங்கியது. குடோனுக்குள் போனேன். ஸ்மால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, லார்ஜ் ஜோடியை வைத்தேன். மூடி சரியாக உட்காரவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அக்கா பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஆறு வாரமும் தினம் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவர் கால்விரல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ரோஜா நிறத்தில் இருந்தன. "என்னா தங்கச்சி, பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி வெரல் வெரலாப் பாக்கற" என்று கிண்டல் செய்வார். வீடு அமைதியாக இருந்தது. காப்பியில் சர்க்கரை இல்லை என்றால் டம்ளரை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பார், கையை மடியிலேயே வைத்திருப்பார். "கையி சும்மாத்தான் கெடக்கு. ஆனா அதால அடிக்க மனசு வரல பாரு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார், நல்ல மனுஷன் என்று நான் சொல்ல வேண்டும்போல. அக்கா சதை போட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது பாட்டுக்கூட வந்தது. ஐந்தாவது வாரம் நான் அலமாரியைப் பழைய சுவருக்கே நகர்த்தி வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் தைரியமாகச் செய்த ஒரே காரியம்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'தொம்' என்றது. என் அலமாரியிலிருந்து டம்ளர்கள் விழுந்தன. இப்போது ஸ்டீல் டம்ளர்கள், உடையவில்லை. உருண்டு உருண்டு நின்றன. அதற்கப்புறம் அந்த 'புஸ்'. நல்ல பலமான உதை. டாக்டர் நன்றாக வேலை செய்திருந்தார். நானும்தான்.

மறுநாள் கடை திறந்ததும் அக்கா வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். "நெஞ்சு பெல்ட்டு குடு புள்ள. ரெண்டு எலும்புன்னு சொல்றாரு டாக்டரு."

திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் அளவெடுத்தேன். ஜாக்கெட்டுக்குக் கீழே விலாவில் ஒரு பாதம் இருந்தது. குதிகால் தனியாக, விரல்கள் அஞ்சும் தனித்தனியாக, கறுப்பாக. டேப்பை எங்கே வைத்தாலும் அதன் மேல்தான் பட்டது.

"இந்தத் தடவ பெட்டிய மாத்தாத" என்றாள்.

"தெரியுமாக்கா?"

"ஸ்மாலா இருந்தா அந்தக் கால்ல ஏறுமா? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?"

"அளவு சரியா இருந்தா என்ன? மேல்பட்டைய சுருட்டி விட்டாப் போதும்னு நீதான சொன்ன." மூச்சு விடுவதற்கு நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "தெனம் விடியால மாட்டி விடுவேன். மாத்திர மயக்கத்துல கெடப்பாரு. மேல ரெண்டு சுருட்டு சுருட்டுவேன். பக்கத்துலயே ஒக்காந்து எண்ணுவேன். மொத நாளு பத்து. அப்புறம் நூறு. ஒருநா ஐநூறு வரைக்கும் போயிட்டேன். வெரலு நாவப்பழம் மாதிரி ஆயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தூக்கத்துலயே கைய நீட்டி எம் முந்தானையத் தேடிப் புடிச்சுக்குவாரு. கொழந்தையாட்டம். பிரிச்சு விட்டுருவேன்."

நான் வந்து விரல் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பெல்ட்டைச் சுற்றி ஒட்டினேன். "இன்னும் இறுக்கு" என்றாள். இறுக்கினேன். "ம். அந்தக் கையாலதான் புள்ள நான் இத்தன நாளு செத்தேன், காலால இல்ல" என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சரி செய்துகொண்டாள்.

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடையிலிருந்தே கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்குப் போய்விட்டாள். கையில் ஒரு பை, உடம்பில் நான் கட்டிய பெல்ட். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் கோல் ஊன்றிக் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. நகக்கண் மட்டும் சுத்தமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த ஸ்டாக்கிங்கை எடுத்தார்.

"காலு வீங்குது தங்கச்சி. இன்னும் கொஞ்ச நாளு போடணும்னு டாக்டரு சொல்றாரு. அவ இல்ல. குனிஞ்சா முட்டி வளைய மாட்டேங்குது. நீ போட்டு விடும்மா."

வலது காலை என் பக்கம் நீட்டினார். கடையில் நாலு பேர் இருந்தார்கள், முதலாளி மேஜையில் இருந்தார். நான் கீழே முட்டி போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாமியார் உட்கார்ந்த மாதிரி. ஸ்டாக்கிங்கைக் குதிகால் வரைக்கும் உள்பக்கமாகத் திருப்பி, பாதத்தில் நுழைத்து, கெண்டைக்காலில் ஏற்றி, கைலியை ஒதுக்கித் தொடை வரைக்கும் இழுத்துவிட்டேன். மேல்பட்டை என் விரலில் இருந்தது. சுருட்டினேன். ஒரு சுருட்டு, இரண்டு சுருட்டு. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

இருபத்தி மூன்று வரைக்கும் வந்திருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாப்பாவுக்கு."

அந்தக் கையைப் பார்த்தேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. சுருட்டியதைப் பிரித்தேன். பிரித்ததோடு நிற்கவில்லை, தொடையிலிருந்து கீழே உருவி, முழுசாகக் கழற்றி அவர் மடியில் போட்டேன்.

"உங்களுக்குக் கை நல்லாத்தான இருக்குதுண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "கை நல்லாத்தான இருக்குது. நீங்களே போட்டுக்கோங்க."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். என் தாடைக்கு நேராக அவர் பாதம் இருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்குவதைப் பார்த்தேன். எழுந்து ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. பயத்தில் கால் வரவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கடையில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார். பாதம் மெதுவாகக் கீழே இறங்கியது.

அப்புறம் குனிந்தார். அந்த நீளமான விரல்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும் போயின, அதற்கு மேல் எட்டவில்லை. மறுபடி குனிந்தார். நெற்றி வேர்த்தது. முதலாளி, "ஏம்மா, போட்டு விட்டுடேன்" என்றார். "பழகிக்கணும்ங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, அடுத்து வந்த அம்மாளுக்குக் கழுத்துப் பட்டை எடுக்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது பெஞ்சில் அந்தச் சாக்லேட் மட்டும் இருந்தது.

அந்த வாரமே வீடு மாறிவிட்டோம். அவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. இன்றைக்கும் யாருக்காவது தொடை வரைக்கும் மாட்டிவிட்டால் மேல்பட்டை மடங்கியிருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்ப்பேன். சின்னக் காலோ பெரிய காலோ, வீட்டுக்குப் போன பிறகும் நினைத்துக்கொண்டே இருப்பேன். நான் கவலைப்படாமல் விட்ட கால் அவருடையது ஒன்றுதான்.